மூன்றாவது பக்கத்தில் நின்றுபோன கை

எஸ்.பி.எம். என்பது மலேசியாவில் பிள்ளைகள் ஐந்தாம் படிவத்தில், பதினேழு வயதில் எழுதும் அரசாங்கத் தேர்வு. அதில் தமிழ்மொழித் தேர்வை நான் என்னுடைய 41 வயதில் எழுதினேன். கிடைத்தது டி. தேர்ச்சிதான், ஆனால் எனக்குத் தேவைப்பட்டது கிரெடிட், அதாவது குறைந்தது சி. இதைக் கேட்பவர்கள் உடனே "தமிழ் கஷ்டமாச்சே" என்று ஆறுதல் சொல்கிறார்கள். கஷ்டமாக இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். கேள்விகள் எல்லாம் தெரிந்தவை. கட்டுரைத் தலைப்புகூட நான் ஏற்கெனவே பயிற்சி செய்திருந்த ஒன்றுக்குப் பக்கத்து வீடு. என்ன எழுதவேண்டும் என்று தலைக்குள் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. கை மட்டும் ஓடவில்லை. மூன்றாவது பக்கத்தின் நடுவில் பேனாவைப் பிடிக்க முடியாமல், வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு வருடமும் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளியும் (எங்கள் ஊரில் ரிங்கிட்டை அப்படித்தான் சொல்வோம்) அப்படித்தான் போயின. "கையால் எழுதிப் பழகினாயா?" என்று முன்கூட்டியே யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும். ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

முதலில் இந்த வயதில் எதற்கு எஸ்.பி.எம். என்று சொல்லிவிடுகிறேன். வீடு பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில், வேலை பாலத்துக்கு அப்பால் தீவில் இருக்கிற பாயான் லெப்பாஸில். ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 18 ஆண்டுகளாகக் குமாஸ்தா. காலையிலிருந்து மாலைவரை கணினியில் தட்டுவதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வட்டாரக் கோயில் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். அதில் வந்த ஆசைதான், பாலர்பள்ளி ஆசிரியைக்கான பகுதிநேரப் படிப்பில் சேரலாமே என்று. விண்ணப்பித்தேன். நான் எடுக்க நினைத்த பிரிவுக்கு எஸ்.பி.எம். தமிழில் கிரெடிட் வேண்டும் என்றார்கள். என்னிடம் இல்லை. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான். ஆனால் இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது அங்கே தமிழ் ஆசிரியர் கிடையாது. சனிக்கிழமை வகுப்பு ஒன்று இருந்தது. முதலில் ஏழு பேர், பிறகு மூன்று பேர், அப்புறம் வகுப்பே இல்லை. இந்த நாட்டில் தமிழ்க்கல்வி 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில்தான் தொடங்கியது என்று மேடைக்கு மேடை பெருமையாகப் பேசுவோம். அதே பினாங்கில் 2000-ஆம் ஆண்டு நான் ஐந்தாம் படிவம் முடித்தபோது என் சான்றிதழில் தமிழ் இல்லை. சரி, பழைய கதை.

பள்ளி வழியாக இல்லாமல், தனியார் வேட்பாளராகப் பதிந்துகொண்டேன். இணையத்தில் டியூஷன் எடுக்கும் ஓர் ஆசிரியையிடம் சேர்ந்தேன், மாதம் 120 வெள்ளி, நான்கு மாதம். நல்ல ஆசிரியை, அவர்மேல் ஒரு குறையும் சொல்லமாட்டேன். செய்யுளும் மொழியணியும், இலக்கணம், கருத்துணர்தல் என்று வரிசையாக நடத்தினார். வாரம் ஒரு கட்டுரை. நான் வேலை முடிந்து பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே கைப்பேசியில் கட்டுரையைத் தட்டி, புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிவிடுவேன். இரவுக்குள் திருத்தம் வந்துவிடும். "அருமை, பிழையே இல்லை" என்று இரண்டு பூ. எனக்குப் பெருமை தாங்காது. இப்போது யோசித்தால் அந்தப் பிழையின்மையில் பாதி என்னுடையது இல்லை. நான்கு மாதத்தில் ஒரு கட்டுரையைக்கூட முதலிலிருந்து முடிவுவரை காகிதத்தில் எழுதவில்லை. ஒன்றுகூட.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். டியூஷனில் சேரும்போது கட்டணம், நேரம் எல்லாம் கேட்கிறோம். "கட்டுரையைக் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பட்டுமா டீச்சர்?" என்று கேளுங்கள். ஆசிரியருக்குத் திருத்த கொஞ்சம் சிரமம்தான், ஆனால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். தட்டச்சில் அனுப்பும் கட்டுரை உங்களுக்கு விஷயம் தெரியுமா என்பதை மட்டும்தான் காட்டும்.

தேர்வு நாள். தனியார் வேட்பாளர்களுக்கான மண்டபம் என்பதால் பல வயதுக்காரர்கள். எனக்கு முன்னால் இருந்த பையனுக்கு இருபதுகூட இருக்காது. "அக்கா, நீங்க தேர்வு மேற்பார்வையாளர்னு நினைச்சேன்" என்றான். சிரித்துவிட்டுத்தான் தொடங்கினோம். முதல் பத்து நிமிடம் நன்றாகவே போயிற்று. சின்னக் கட்டுரையை முடித்துப் பெரிய கட்டுரைக்கு வந்தபோது, கட்டைவிரலின் அடிச்சதையில் ஒரு சூடு. அதைக் கவனிக்காமல் எழுதினேன். சூடு வலியாகி மணிக்கட்டுக்கு ஏறியது. பேனா வழுக்கிவிடுமோ என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன், இறுக்கியதால் இன்னும் வலித்தது. எழுத்து பெரிதாகி, சாய்ந்து, கோட்டை விட்டு இறங்கத் தொடங்கியது.

வலியைவிட என்னை அலறவைத்தது வேறொன்று. 'கொடுமை' என்று எழுதப் போனேன். கை நேராகக் 'க'வை எழுதிவிட்டது. பிறகுதான் உறைத்தது, கொம்பு முன்னால் வரவேண்டுமே! முன்னால் இடமில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இரண்டு வரி தள்ளி 'பொறுப்பு', அதே தவறு. ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. கைப்பேசியில் நான் முதலில் மெய்யைத் தட்டுவேன், பிறகு உயிரைத் தட்டுவேன். கொம்பும் காலும் தாமாகவே எழுத்துக்கு இரண்டு பக்கமும் போய் நின்றுகொள்ளும். ஒலிக்கும் வரிசையிலேயே தட்டித் தட்டி, எழுதும் வரிசை கைக்கு மறந்துவிட்டது. கை, கெ, கே, கொ, கோ எல்லாமே இப்படித்தான், குறியை முதலில் போட்டுவிட்டுத்தான் எழுத்துக்கு வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது! அங்கேயும் நான் அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டு, "கோட்டு மேலேயே எழுதுங்க" என்று சொல்பவள்தான் என்பது வேறு விஷயம்.

புள்ளிகளும் போயிருந்தன. அவசரத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே ஓடியிருக்கிறேன். ஓலையில் புள்ளி வைத்தால் கிழிந்துவிடும் என்று அந்தக் காலச் சுவடிகளில் புள்ளி வைக்கமாட்டார்கள் என்பார்கள். என் தாள் ஒன்றும் ஓலை இல்லை. அப்புறம் 'ற'வா 'ர'வா, 'ண'வா 'ன'வா. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கைப்பேசியில் இரண்டு எழுத்து தட்டினாலே மேலே மூன்று சொற்கள் வந்து நிற்கும், சரியானதைத் தொட்டுவிடுவேன். தொட்டுத் தொட்டு, அது என் அறிவு என்றே நம்பிவிட்டேன். 'தமிழ்ப்பள்ளி'க்கு நடுவில் 'ப்' வரும் என்பது எனக்குத் தெரியுமா, என் கைப்பேசிக்குத் தெரியுமா? மண்டபத்தில் அது இல்லாதபோதுதான் விடை தெரிந்தது.

இதில் மென்பொருளின் குற்றம் ஒன்றும் இல்லை. முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். அவர் உருவாக்கிய முரசு அஞ்சலும் செல்லினமும் இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் தமிழில் எழுதுவதையே விட்டிருப்போம், புலனத்திலும் ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டிக்கொண்டு கிடந்திருப்போம். எனக்குத் தமிழைத் திருப்பிக் கொடுத்தது அந்த விசைப்பலகைதான். அது கொடுத்ததைக் கைக்கும் கொஞ்சம் கொடுக்க மறந்தது நான்.

மூன்றாவது பக்கத்துக்கு வருகிறேன். கை நின்றது அங்கே. அதற்குச் சற்று முன்னால் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். இரண்டாவது பத்தியில் எழுதியது நான்காவது பத்திக்குத்தான் பொருந்தும் என்று தோன்றியது. கணினி என்றால் வெட்டி ஒட்டிவிடலாம். தாளில் என்ன செய்வது? அரைப் பக்கத்தைக் குறுக்காக அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இருபது நிமிடம் போயிற்று, அதைவிடப் பெரிய நஷ்டம், கையில் மிச்சமிருந்த தெம்பு போயிற்று. முடிவுரை மூன்று வரி. அதையும் விரல்களால் பிடிக்க முடியாமல் பேனாவை முஷ்டிக்குள் வைத்து, சின்னப் பிள்ளை வண்ணக்கோல் பிடிப்பதுபோல் பிடித்துத்தான் எழுதினேன். என் எழுத்தை எனக்கே படிக்க முடியவில்லை. திருத்தியவர் பாவம்.

முடிவு வந்த அன்று கழிவறையில் போய் அழுதேன். டி என்பதற்காக மட்டும் அழவில்லை. அந்தப் படிப்பில் இடம் பிடித்துவைக்க 300 வெள்ளி முன்பணம் கட்டியிருந்தேன், திரும்பக் கிடைக்காது என்று ரசீதிலேயே போட்டிருந்தது. டியூஷனுக்கு 480. பயிற்சிப் புத்தகங்களுக்கு 86. தேர்வுக்காகச் சம்பளமில்லாத லீவு இரண்டு நாள், ஏறக்குறைய 180. வலி குறையாமல் இரண்டு முறை கிளினிக், 135. கூட்டினால் 1181 வெள்ளி, தேர்வுக் கட்டணம் தனி. பணத்தைக்கூட விட்டுவிடலாம். தேர்வு வருடத்துக்கு ஒரு முறை. ஒரு பாடத்தில் ஒரு படி குறைந்ததற்கு ஒரு முழு வருடம் காத்திருக்கவேண்டும். ஆகவே ஒரு வேண்டுகோள்: தகுதித் தேர்வின் முடிவு கையில் வருவதற்கு முன்னால் எந்தப் படிப்புக்கும் முன்பணம் கட்டாதீர்கள். "இடம் முடியப்போகிறது" என்று அவசரப்படுத்தினால் முடியட்டும் என்று விடுங்கள்.

கிளினிக்கில் அந்த டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார், "கடைசியாக ஒரு முழுப்பக்கம் எப்போது எழுதினீர்கள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. கையெழுத்துப் போடுகிறேன், படிவத்தில் பெயர் எழுதுகிறேன், மஞ்சள் ஒட்டுத்தாளில் நாலு எண் எழுதுகிறேன். முழுப்பக்கம்? பத்து வருடத்துக்கு முன்னால் இருக்கலாம். நோய் ஒன்றும் இல்லை, பழக்கமில்லாத தசையைத் திடீரென்று ஓடவிட்டிருக்கிறீர்கள் என்றார். நடக்காதவரை நெடுந்தூர ஓட்டத்தில் விட்டமாதிரி. மரத்துப்போவது, இரவில் விரல்கள் ஊசி குத்துவதுபோல் கூசுவது இருந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார். எனக்கு அது இல்லை. உங்களுக்கு இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காட்டிவிடுங்கள், வைராக்கியம் வேண்டாம்.

இரவில் தூக்கம் வராமல் கையெழுத்தைப் பற்றி இணையத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஆறுதல் தேடித்தான். 2014-இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் அமெரிக்காவில் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு எல்லா இடத்திலும் வருகிறது. மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் சொன்னதை அப்படியே தட்டிக்கொண்டார்கள், கையால் எழுதியவர்கள் சுருக்கி எழுதவேண்டியிருந்ததால் கருத்தைக் கேட்கும் கேள்விகளில் மேலாகச் செய்தார்கள் என்பது அதன் சாரம். 2019-இல் வேறு சிலர் அதையே செய்துபார்த்தபோது வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை என்பதை மட்டும் யாரும் பகிர்வதில்லை. கலிஃபோர்னியாவில் 2024 முதல் தொடக்கப்பள்ளிகளில் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதும் கூட்டெழுத்தை மறுபடி கட்டாயமாக்கியிருக்கிறார்கள். படிக்கச் சுவையாக இருந்தது, ஆனால் எனக்கு அது எதுவும் உதவவில்லை. கையால் எழுதினால் மூளை வளருமா என்பது என் பிரச்சினை இல்லை. தேர்வு கையால்தான் எழுதவேண்டும், என் கையால் முடியவில்லை, அவ்வளவுதான்.

உதவியது அம்மா. அம்மாவுக்கு 72 வயது. நிபோங் திபால் பக்கத்தில் ஒரு தோட்டப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர். இன்றைக்கும் மளிகைச் சீட்டையும், கோயில் அர்ச்சனைக்குக் கொடுக்கிற பெயர் நட்சத்திரப் பட்டியலையும் அவர்தான் எழுதுவார். முத்து முத்தான எழுத்து. நான் மேசையில் உட்கார்ந்து ஒரு பத்தியை எழுதி, அடித்து, எழுதி, அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி?"

"யோசிச்சு யோசிச்சு எழுதுறேன்மா."

"எழுதிட்டு யோசிக்கிறே. அதான் அடிக்கிறே. நாங்க ஊருக்கு ஏர் லெட்டர் எழுதுவோமே, ஞாபகம் இருக்கா? அந்த நீலத் தாள்ல இடமே கொஞ்சம். அடிச்சா அசிங்கம், இன்னொண்ணு வாங்கக் காசு வேணும். வாக்கியத்தை வாய்க்குள்ள சொல்லிப் பார்த்துட்டுத்தான் பேனாவை வைப்போம்."

நான் நான்கு மாத டியூஷனில் கற்றுக்கொள்ளாத பாடம் அது. கணினியில் நாம் எழுதிப் பார்த்துத்தான் யோசிக்கிறோம். தட்டு, அழி, நகர்த்து, மறுபடி தட்டு. தாளில் அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோனால் தாளும் நாறும், கையும் போகும். அன்றிலிருந்து ஒரு வாக்கியம் முழுதாக வாய்க்குள் முடிந்த பிறகுதான் பேனா தாளைத் தொடவேண்டும் என்று வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் பைத்தியம் பிடிப்பதுபோல் இருந்தது. வேகம் பாதியாகிவிட்டது என்று பயந்தேன். ஆனால் அடித்தல் நின்றவுடன் மொத்த நேரம் குறைந்துவிட்டது. கட்டுரை என்றால், தொடங்குவதற்கு முன் பென்சிலால் ஐந்தே ஐந்து வரி: எந்தப் பத்தியில் எது. அந்த ஐந்து வரிக்குப் பிறகு பத்தியை இடம் மாற்றுவது கிடையாது, தோன்றினாலும் கிடையாது.

கைக்கான பயிற்சியைத் தேர்வுக்கு ஐந்து மாதம் முன்னால் தொடங்கினேன். முதல் வாரம் ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. கேட்க அற்பமாக இருக்கும். வலி வருவதற்கு முன் நிறுத்துவதுதான் அதில் இருக்கிற சூட்சுமம். நான் முதல் நாளே ஒரு மணி நேரம் எழுதி, மூன்று நாள் கரண்டிகூடப் பிடிக்க முடியாமல் கிடந்த பிறகுதான் இந்த ஐந்து நிமிடத்துக்கு இறங்கிவந்தேன். வாரத்துக்கு வாரம் சில நிமிடம் கூட்டி, மூன்றாவது மாத முடிவில் நாற்பது நிமிடம் நிற்காமல் எழுத முடிந்தது. என்ன எழுதுவது? சொந்தமாக யோசித்து எழுதினால் கை பாதி நேரம் சும்மா இருக்கும். ஆகவே மக்கள் ஓசை, தமிழ் மலர் என்று அன்றைக்குக் கிடைக்கும் நாளிதழின் கட்டுரையைப் பார்த்து எழுதினேன். ஒரு மாதம் கழித்து, பார்த்து எழுதுவதை விட்டுவிட்டு, அம்மா படிக்க நான் எழுதினேன். தமிழ்ப்பள்ளியில் செய்த அதே சொல்வதை எழுதுதல். ற, ர தகராறு தீர்ந்தது அதில்தான். காதில் விழுவதை எழுத்தாக்கும்போது மேலே மூன்று சொற்கள் வந்து நிற்காது. தப்பான சொல்லைப் பத்து தடவை எழுதவேண்டும் என்று அம்மா தண்டனையும் வைத்தார். 'முயற்சி'யை நான் இனி எந்த ஜென்மத்திலும் தப்பாக எழுதமாட்டேன்.

பேனாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் செய்த முட்டாள்தனம் பெரிது. முதல் தேர்வுக்கு அலுவலகத்தில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிற சாதாரணப் பந்துமுனைப் பேனாவை எடுத்துப்போனேன். அதன் மை எண்ணெய்ப் பசையுள்ளது, கெட்டி. அழுத்தினால்தான் கோடு விழும். ஒரு கையெழுத்துக்கு அது தெரியாது, நான்கு பக்கத்துக்குத் தெரியும். ஜெல் பேனாவின் மை தண்ணீர் சேர்ந்தது, தொட்டால் ஓடும், விரலுக்குப் பாதி வேலை. ஆனால் நம் ஊர் வெக்கையில் வியர்த்த கை பட்டால் ஜெல் மை ஈரம் காயும்முன் இழுத்துவிடும். கைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பழகினேன். முனை மெல்லியதாக இருந்தால் எழுத்து அழகாக வரும் என்று நினைத்து முதலில் 0.38 வாங்கினேன், அது தாளைச் சுரண்டியது. 0.7 எனக்குச் சரியாக வந்தது. தண்டு கொஞ்சம் பருமனாக, ரப்பர் பிடியோடு இருந்தால் இறுக்கிப் பிடிக்கத் தோன்றாது. ஒரு பேனா மூன்று வெள்ளிச் சொச்சம். தேர்வுக்குப் புதுப் பேனா கொண்டுபோகவேண்டாம், பயிற்சியில் பாதி மை தீர்ந்த பேனாதான் கைக்குத் தெரிந்த பேனா. அதேமாதிரி இன்னும் இரண்டு பையில் இருக்கட்டும். எந்த நிற மை என்ற விதியை மட்டும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

மேசையும் நாற்காலியும் பற்றி யாரும் சொல்வதில்லை. அலுவலக நாற்காலியில் கை வைக்க இடம் இருக்கிறது. தேர்வு மண்டப நாற்காலியில் இல்லை, மேசையும் குட்டி. முழங்கை அந்தரத்தில் தொங்கினால் விரல்களே எல்லா வேலையையும் செய்யும், அப்போதுதான் சீக்கிரம் வலிக்கிறது. முன்கை முழுதும் மேசைமேல் படும்படி நாற்காலியை இழுத்துப் போட்டு, தாளைக் கொஞ்சம் சாய்த்து வைத்து எழுதிப் பாருங்கள், தோள் வரை வித்தியாசம் தெரியும். கடைசி மாதம் நான் சாப்பாட்டு மேசையை விட்டுவிட்டு, என் அக்கா மகனின் பழைய படிப்பு மேசையில்தான் எழுதினேன். முட்டி இடித்தது. மண்டபத்திலும் இடிக்கத்தான் போகிறது.

இன்னொன்று, சொல் எண்ணிக்கை. கைப்பேசி கணக்குச் சொல்லும், தாள் சொல்லாது. என் எழுத்தில் ஒரு வரிக்கு சராசரியாக ஆறு சொல் என்று எண்ணி வைத்துக்கொண்டேன். பிறகு வரிகளை எண்ணினால் போதும். வேகத்தையும் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். முதல் வாரம் பத்து நிமிடத்துக்கு 82 சொல், கடைசி வாரம் 125. ஒரு கட்டுரைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதை இந்த எண்ணை வைத்துத்தான் தீர்மானித்தேன், கைப்பேசியில் தட்டிய ஞாபகத்தை வைத்து அல்ல.

இரண்டாவது தேர்வில் வலி வரவே இல்லை என்று சொன்னால் பொய். மூன்றாவது பக்கத்தில் வந்தது, அதே கட்டைவிரலின் அடியில். இந்தத் தடவை பயப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்து, கையைத் தொங்கவிட்டு, அடுத்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் கை சரியாகிவிட்டது. 'கொள்கை' என்ற சொல் வந்தபோது கொம்பைப் போட்டுவிட்டுத்தான் 'க'வுக்குப் போனேன். அந்தச் சின்ன வெற்றிக்கு மண்டபத்தில் தனியாகச் சிரித்தேன். நாலே முக்கால் பக்கம். அடித்தல் இரண்டே இடம். முடிந்ததும் படகுத்துறைக்குப் போய், அம்மாவுக்குப் பிடிக்குமே என்று அக்கரைக்குப் போய் லெபோ பசாரில் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு திரும்பினேன். சாப்பிட்டுக்கொண்டே அம்மா கேட்டது, "புள்ளி எல்லாம் வச்சியா?"

பி கிடைத்தது. இந்தத் தடவை முடிவு கையில் வந்த பிறகுதான் முன்பணம் கட்டினேன், மறுபடி 300 வெள்ளி. இப்போது சனிக்கிழமை வகுப்புகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். முதல் நாள் விரிவுரையாளர் விதிமுறைகளைச் சொன்னார். இடுபணிகள் அனைத்தையும் கணினியில் தட்டச்சு செய்து இணையத்தில்தான் ஏற்றவேண்டுமாம், கையால் எழுதியவை ஏற்றுக்கொள்ளப்படாதாம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரையில் காட்டியதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் 0.7 பேனாவை எடுத்து அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.